மருத்துவ மாணவரும் நம் கடமையும்

"அடியாத மாடு படியாது" என்பது உழவர் மாட்டைக் குறித்துச் சொன்ன மொழி. நாமோ அதனைப் பிள்ளைகளுக்கும் ஏற்றிச் சொல்லிப் பழகிவிட்டோம். பிழைப்பை நாடி வெளிமாநிலம் வந்த நம் குடும்பங்களில் ஒரு பிள்ளைக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைப்பது பெரும் பேறு. அப்பிள்ளை விடுதியிலிருந்து குரல் கம்மிப் பேசும்போது, "எல்லாரும் பட்டதுதான், பொறுத்துக்கொள்" என்கிறோம். இவ்விடை தகுமா என்று அன்பர்கள் சிந்திக்க வேண்டுகிறோம்.

மருத்துவப் பயிற்சி கடினமானதே. கண்விழிப்பதும், பிழை கண்ட ஆசிரியர் கண்டிப்பதும் அதில் அடங்கும். மூத்த மாணவர் கைநீட்டுவதும், நோயாளிகள் முன்னிலையில் இழித்துரைப்பதும் எந்தப் பாடத்தில் அடங்கும்?

1996 நவம்பரில் சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் பொன் நாவரசு, மூத்த மாணவர் ஒருவரால் கொலையுண்டார். 1997இல் தமிழகத்தில் ராகிங் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. குற்றவாளிக்குரிய ஆயுள் தண்டனையை 2011இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2009 மார்ச்சில் இமாசலப் பிரதேசத்து டாண்டா மருத்துவக் கல்லூரியில் மூத்த மாணவர்கள் அடித்ததில் அமன் கச்ரு என்ற மாணவர் மாண்டார். அவ்வாண்டே பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுமைக்கும் தடைவிதிகளை வகுத்தது. மாணவரை மொழியையோ பிறந்த பிரதேசத்தையோ சாதியையோ சுட்டி இழிவுபடுத்துவதும் ராகிங்கே என்று 2016இல் அவ்விதிகள் விரிக்கப்பட்டன. "மதராசி" என்று ஏளனம் செய்யப்படும் நம் பிள்ளைகளுக்கு இது பெருந்துணை.

ரயில்வே உத்தியோகத்தில் உள்ள நாம் ஒன்று அறிவோம். வண்டி ஓட்டுபவரின் பணிநேரத்துக்கு வரம்பு உண்டு. களைத்தவர் கையில் பயணிகளின் உயிரை ஒப்படைத்தலாகாது என்பதே அதன் காரணம். முதுநிலைப் பயிற்சி மருத்துவரின் தொடர்பணி சாதாரணமாக நாளொன்றுக்கு 12 மணியையும், வாரத்துக்கு 48 மணியையும் மிஞ்சலாகாது என்று 1992இல் மத்திய அரசு பணித்தது. எனினும் ஒரே மூச்சில் 36 மணி நேரம் உழைப்போர் இன்றும் உளர். அவர்கள் கையிலும் உயிர்களே உள்ளன.

பெற்றோர் செய்யத்தக்கவை சில. பிள்ளையிடம் மதிப்பெண்ணோடு உறக்கத்தையும் உணவையும் விசாரியுங்கள். கொடுமை நேர்ந்தால் நாள், இடம், ஆள் குறித்து வைக்கச் சொல்லி, கல்லூரித் தலைவருக்கு எழுத்து மூலம் முறையிடுங்கள். 1800-180-5522 என்ற இலவசத் தொலைபேசி இரவும் பகலும் இயங்குகிறது. தொலைவும் பாஷையும் தடையாயின் அவ்வூர்த் தமிழ்ச் சங்கத்தாரை அணுகலாம்.

இன்னொன்றும் உண்டு. இன்று அடிபடும் பிள்ளையே நாளை மூத்த மாணவன் ஆவான். "நான் பட்டதை நீயும் படு" என்னும் வழக்கம் அவனோடு ஒழியட்டும் என்று நம் இல்லத்திலேயே சொல்லி அனுப்புவோமாக.