பானை ஓடா, பழைய ஃபைலா? ஹிஸ்டரி படிக்கப் போறீங்கன்னா முதல்ல இதை யோசிங்க!

"ஹிஸ்டரியா? வருஷத்தை மனப்பாடம் பண்ற சப்ஜெக்ட்தானே... அதுக்கு எதுக்கு காலேஜ்?"

ப்ளஸ் டூ முடிச்சுட்டு பி.ஏ வரலாறுன்னு சொன்னா, சொந்தக்காரங்க யாராவது ஒருத்தர் இப்படிக் கேட்டுடுவாங்க. அடுத்த கேள்வி, 'வேலை கிடைக்குமா?' அதுக்கும் வருவோம். அதுக்கு முன்னாடி, வீட்டில் யாருமே கேட்காத ஒரு கேள்வி இருக்கு. பண்டைய வரலாறா, நவீன வரலாறா?

ஸ்கூலில் ரெண்டும் ஒரே புத்தகம். சிந்துவெளியில் ஆரம்பிச்சு சுதந்திரத்தில் முடியும். பி.ஏ-விலும் பெரும்பாலும் ரெண்டையும் சேர்த்தேதான் படிப்பீங்க. அதுக்கு மேலே போனா பாதை பிரியும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பண்டைய வரலாறு மற்றும் தொல்லியல் துறை தனி, இந்திய வரலாற்றுத் துறை தனி. காரணம், ரெண்டுக்கும் கையில் கிடைக்கிற ஆதாரமே வேற. ஒண்ணுல பஞ்சம், இன்னொண்ணுல வெள்ளம்!

கீழடியையே எடுத்துக்குவோம். 353 செ.மீ ஆழத்தில் கிடைத்த கரித்துண்டை அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் உள்ள லேபுக்கு அனுப்பினாங்க. அதன் காலம் கி.மு. 580-ன்னு ரிசல்ட் வந்தது. 2019-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை அதை அறிக்கையா வெளியிட்டப்போ நாமெல்லாம் ஸ்டேட்டஸ் வெச்சோம். வகுப்பறையில் அங்கிருந்துதான் வேலையே ஆரம்பிக்குது. கி.மு. 580 என்பது அந்தக் கரியோட காலம். பானை ஓட்டில் கீறியிருக்கும் தமிழி எழுத்துக்கும் அதே காலம்னு எப்படிச் சொல்றது? ரெண்டும் ஒரே மண்ணடுக்கில் கிடைச்சதா? பிற்காலத்தில் யாராவது குழி வெட்டி, மண் கலந்திருக்குமா? மேலே கிடந்த பொருள் கீழே போக ஓர் எலி வளைகூடப் போதுமே! இப்படியெல்லாம் கேட்டா சோஷியல் மீடியாவில் 'துரோகி' பட்டம் கிடைக்கும். பல்கலைக்கழகத்தில் கேட்கலைன்னா பட்டமே கிடைக்காது.

சரி, ஓடு பேசாது. கல்வெட்டு பேசுமே? தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் ராஜராஜன் வெட்டிவைத்த கல்வெட்டு ஒன்று, கோயில் பணிக்காகக் குடியமர்த்தப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்களைப் பட்டியல் போடுது. ஒவ்வொருத்தர் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருச் சிறகில் எத்தனையாவது வீடு, பங்குக்கு 100 கலம் நெல்... எல்லாம் இருக்கு. இன்றைய வாக்காளர் பட்டியல்கூட இவ்வளவு தெளிவா இருக்குமான்னு தெரியலை. ஆனா, அந்த 400 பேரில் ஒருத்தர்கூட அங்கே வாய் திறக்கலை. சொந்த ஊரை விட்டு விரும்பி வந்தாங்களா, அழைச்சுட்டு வரப்பட்டாங்களா? கல்லில் பதில் இல்லை. கற்பனையில் நிரப்பினா அது நாவல். ஆதாரம் நிற்கிற இடத்தில் நாமும் நிற்கணும்கிறதுதான் இந்தப் படிப்பின் கஷ்டமான பாடம்.

(ராஜராஜன் சிலபஸ்படி 'பண்டைய' ஆள் கிடையாது, இடைக்காலம். இந்தக் கோடுகளை யார் போட்டாங்கன்னு தேடினாலே அது தனிக் கதை. 1817-ல் இந்திய வரலாறு எழுதிய ஜேம்ஸ் மில், அதை இந்து, முஸ்லிம், பிரிட்டிஷ் காலம்னு பிரிச்சார். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை, இந்திய மொழி எதுவும் தெரியாது. அந்தப் பிரிவுகள்தான் பின்னாளில் பண்டைய, இடைக்கால, நவீன காலம்னு பேர் மாறி நம்ம பாடப்புத்தகம் வரை வந்தது.)

நவீன காலத்துக்கு வந்தா, பேச்சு நிற்கவே நிற்காது. புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை தமிழில் டைரி எழுதியிருக்கார். கப்பல் வந்தது, சரக்கு விற்றது, 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தது, கவர்னர் வீட்டு ரகசியம்னு எதையும் விடலை. எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போனா, கிழக்கிந்திய கம்பெனி காலத்திலிருந்து கட்டுக்கட்டா காகிதம். ஒரு ஆயுளில் படிச்சு முடியாது.

இங்கே ஆபத்து வேற மாதிரி. பிள்ளை பெரிய வியாபாரி, அதிகாரத்துக்குப் பக்கத்தில் இருந்தவர். அவர் கண்ணில் பட்ட ஊரைத்தான் நாம் பார்க்கிறோம். கலெக்டர் ஃபைலில் விவசாயி வருவார், வரி கட்டாதவரா! அவர் ஏன் கட்டலைங்கிறதைக்கூட கலெக்டரே எழுதியிருப்பார். காகிதம் நிறைய இருக்குங்கிறதால எல்லார் குரலும் இருக்குன்னு நினைச்சுடக் கூடாது.

ரெண்டையும் படிச்சவங்களுக்கு ஒரு லாபம் உண்டு. ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா சோழர் கல்வெட்டுகளில் மெய்க்கீர்த்தியின் வீரப் புகழ்ச்சியோட நிற்கலை. நிலம் யார் கையில் இருந்தது, யார் விற்றாங்கன்னு எண்ணி எண்ணிக் கணக்குப் போட்டார். திருச்சிப் பக்கம் அல்லூர், ஈசானமங்கலம்னு ரெண்டு ஊர்களை ஒப்பிட்டு, ஒண்ணுல நிலம் ஊர்ப் பொதுவாகவும், பிரம்மதேயமான இன்னொண்ணுல தனித்தனி ஆட்கள் கையிலும் இருந்ததைக் காட்டினார். நவீன காலத்து ஃபைலைப் படிக்கிற கண்ணோட கல்வெட்டைப் படிச்சிருக்கார்னு எனக்குத் தோணும்.

இப்போ அந்த வேலை விஷயம். வரலாற்றுக்கே உரிய வேலைகள் குறைவுதான்: தொல்லியல் துறை, அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம், ஆசிரியர் பணி. கல்லூரியில் பாடம் எடுக்க நெட், செட் அல்லது பிஹெச்.டி வேணும். யு.பி.எஸ்.சி-யில் வரலாறு விருப்பப்பாடம் உண்டு. முதல் தாள் பண்டைய, இடைக்காலம். அதில் மேப் கேள்விக்கு மட்டும் 50 மார்க். ரெண்டாவது தாள் நவீன இந்தியாவும் உலக வரலாறும். ஆனா, 'ஐ.ஏ.எஸ் ஆகிடலாம்'னு மட்டும் நம்பி மூணு வருஷத்தைக் கொடுக்கிறது ரிஸ்க்.

டிகிரியோட ஒரு எழுத்தையும் கத்துக்கிறவங்க தனியா தெரிவாங்க. பண்டைய வரலாறு பக்கம்னா தமிழி, வட்டெழுத்து, கிரந்தம். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியலுக்குன்னே துறை இருக்கு. மாநிலத் தொல்லியல் துறையும் முதுநிலைப் பட்டயப் படிப்பு நடத்துது. நவீன காலம்னா பிரெஞ்சு, டச்சு, போர்ச்சுகீசியம். தஞ்சை மராட்டியர் ஆவணங்கள் மோடி எழுத்தில் இருக்கு. (பிரதமருக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை!) அதைப் படிக்கத் தெரிஞ்சவங்க ரொம்பக் குறைவு.

எந்தப் பக்கம் உங்களுக்கு ஒத்துவரும்னு தெரியணுமா? பக்கத்துல இருக்கிற பழைய கோயில் சுவர் முன்னாடி அரை மணி நேரம் நின்னு, எத்தனை எழுத்து பிடிபடுதுன்னு பாருங்க. இன்னொரு நாள் தாத்தா பெட்டியில் இருக்கும் பழைய பத்திரத்தை எடுத்து முழுசா படிங்க. எதில் பசி மறந்துச்சோ, அது உங்க ஏரியா.

காலேஜில் சேர்றதுக்கு முன்னாடி மூணு விஷயம் கேளுங்க. அகழாய்வு இடங்களுக்கு மாணவர்களைக் கூட்டிட்டுப் போவாங்களா, ஆவணக் காப்பகத்தில் உட்காரவெச்சு வேலை வாங்குவாங்களா, கல்வெட்டு எழுத்து சொல்லித்தர ஆள் இருக்காங்களா? 'கைடு வாங்கிப் படிச்சா போதும்'னு பதில் வந்தா, வேற காலேஜ் பாருங்க.