ரயில் இல்லாமலே எரியும் சிவப்பு

மலேசியாவின் ரவாங்கிலிருந்து வடக்கே போகும் கொமியூட்டர் ரயில் செரண்டா, பத்தாங்காலி, ராசா, கோல குபு பாரு என நின்று நின்று தஞ்சோங் மாலிமை அடைகிறது. இதே தண்டவாளத்தில்தான் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் இ.டி.எஸ். விரைவு ரயிலும் பறக்கிறது. அந்த வேகத்தில் வரும் ரயிலை ஓட்டுநர் கண்ணால் பார்த்து நிறுத்த முடியாது. முன்னே பாதை காலியா என்பதைத் தண்டவாளமே சொல்லியாக வேண்டும்.

அதற்கான வழியை 1872இல் அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் கண்டுபிடித்தார். பாதையின் ஒரு துண்டை இருபுறமும் மின்கடத்தா இணைப்பால் பிரித்து, ஒரு முனையில் பேட்டரியும் மறுமுனையில் ரிலே என்னும் மின்காந்தச் சுவிட்சும் வைத்தார். மின்சாரம் ஒரு தண்டவாளத்தில் போய் மற்றதில் திரும்பும்வரை ரிலே தூக்கப்பட்டு நிற்கும்; பாதை காலி என்று பொருள். ரயில் வந்ததும் சக்கரமும் அச்சும் இரு தண்டவாளத்தையும் இணைத்துவிட, மின்சாரம் குறுக்கே பாய்ந்துவிடும். ரிலே தன் எடையாலேயே கீழே விழும். சிக்னல் சிவப்பாகும்.

இதன் அழகு எங்கே இருக்கிறது தெரியுமா? தண்டவாளம் உடைந்தாலும், கம்பி அறுந்தாலும், பேட்டரி தீர்ந்தாலும் ரிலே விழத்தான் செய்யும். ராபின்சனின் முதல் வடிவம் இதற்கு நேர்மாறானது: ரயில் வந்தால்தான் மின்சாரம் ஓடும். அதில் கம்பி அறுந்தால் பாதை காலி என்றே காட்டும். அதைக் கைவிட்டுத்தான் இதற்கு வந்தார்.

மழைக்காலத்தில் ரயில் இல்லாமலே சிக்னல் சிவப்பாவதன் காரணமும் இதுதான். சேறு படிந்த ஜல்லி நனைந்தால் தண்டவாளங்களுக்கிடையே மின்சாரம் கசிகிறது. கசிவு மிஞ்சினால், ரயில் இல்லாமலே ரிலே விழுந்துவிடும். ரயில் தாமதமாகும், ஆனால் ஒருவருக்கும் ஆபத்தில்லை.

அஞ்ச வேண்டியது துருவுக்குத்தான். ரயில்கள் அதிகம் ஓடாத கிளைத்தடத்தில் தண்டவாளத்தின் மேல் துரு படிந்தால் சக்கரம் சரியாகத் தொடாது. ரயில் நின்றிருக்கும்; ரிலே விழாது. அதனால்தான் சிக்னல் டெக்னீஷியன் ஒரு சிறு மின்தடையை இரு தண்டவாளத்தின் குறுக்கே வைத்து ரிலே விழுகிறதா என்று பார்க்கிறார். இந்திய ரயில்வேயில் அந்த அளவு 0.5 ஓம். விழவில்லையென்றால் அந்தத் தடத்தை நம்பக்கூடாது. சக்கரங்களை எண்ணும் ஆக்சில் கவுன்டர் துருவைப் பற்றிக் கவலைப்படாது. பல நாடுகள் அதற்கு மாறிவருகின்றன.

ரவாங்–தஞ்சோங் மாலிம் பாதையின் மேலே ஓடுவது 25,000 வோல்ட் மின்கம்பி. அதனருகே செல்லும் சிக்னல் கேபிளிலும் மின்னழுத்தம் தூண்டப்படும். மலேசியாவிலோ இடிமின்னலும் அதிகம். நிலத்தொடர்பையும் மின்னல் தடுப்பானையும் சோதிப்பது அலங்கார வேலையல்ல.

எல்லாவற்றையும் மிஞ்சும் தொல்லை செம்புக் கேபிள் திருட்டு. கேபிள் அறுந்தால் சிக்னல் சிவப்பாகும் என்பது உண்மைதான். ஆனால் அதன்பின் ரயிலை நகர்த்துவது மனிதர்களின் வாய்மொழி உத்தரவு; இயந்திரக் காவல் அங்கே இல்லை. பாதையோரத் தோட்டங்களிலும் தாமான்களிலும் வாழும் நம்மவர்களே, இரவில் யாராவது கேபிள் தோண்டுவதைக் கண்டால் உடனே போலீசுக்குச் சொல்லுங்கள்.