மூன்று கணினிகள், ஒரே கணக்கு

ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். அதன் அலுவலகத்தில் மூன்று அறைகள். முன் அறையில் விற்பனை. நடு அறையில் சரக்கு இருப்பு. பின் அறையில் கணக்கு. ஒவ்வோர் அறையிலும் ஒரு கணினி, அதாவது கம்ப்யூட்டர், இருக்கிறது.

ஒரு நெசவாளர் 6 சேலைகளைக் கொண்டுவந்து கொடுக்கிறார். சரக்கு அறையில் 6 என்று பதிவாகிறது. அதை ஒரு சீட்டில் எழுதிக் கணக்கு அறைக்கு அனுப்புகிறார்கள். அங்கே அவசரத்தில் 5 என்று பதிவு செய்துவிடுகிறார்கள். ஒரு சேலைக்கான கூலி போயிற்று! அது பல நாள் உழைப்பு அல்லவா?

இதைத் தடுக்க என்ன வழி? மூன்று கணினிகளையும் இணைக்க வேண்டும். இப்படி இணைப்பதைக் கணினி வலையமைப்பு அல்லது நெட்வொர்க் என்பார்கள்.

என்னென்ன தேவை?

முதலில் ஸ்விட்ச் என்னும் பெட்டி வேண்டும். இது விளக்குப் போடும் சுவிட்ச் அல்ல. பல துளைகள் உள்ள சிறிய பெட்டி. ஒவ்வொரு கணினியிலிருந்தும் ஒரு ஒயர் இந்தப் பெட்டிக்கு வரும். தபால் நிலையத்தில் முகவரி பார்த்துக் கடிதங்களைப் பிரிக்கிறார்கள். அதைப்போல, இந்தப் பெட்டி எந்தச் செய்தி எந்தக் கணினிக்கு என்று பார்த்து அனுப்புகிறது.

அடுத்தது ஒயர். இதற்குள் 8 மெல்லிய கம்பிகள் இருக்கும். அவை இரண்டிரண்டாக முறுக்கப்பட்டிருக்கும். முறுக்குவதால் பக்கத்துக் கம்பிகளின் தொந்தரவு குறைகிறது. ஓர் ஒயரின் நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. மின்சார ஒயர் போகும் குழாயில் இதையும் சேர்த்து இழுக்கக் கூடாது. நடக்கும் வழியில் தரையில் போடவும் கூடாது.

இந்த முறைக்கு ஈதர்நெட் என்று பெயர். 1973-இல் அமெரிக்காவில் ராபர்ட் மெட்கால்ஃப் என்பவரும் அவருடன் வேலை செய்தவர்களும் இதை உருவாக்கத் தொடங்கினார்கள்.

வீட்டுக்குக் கதவு எண் உண்டு. கணினிக்கும் அப்படி ஓர் எண் உண்டு. இரண்டு கணினிகளுக்கு ஒரே எண் இருந்தால் குழப்பம்தான்.

மூன்று கணினிகளில் ஒன்றில் மட்டும் கணக்கை வைக்க வேண்டும். மற்ற இரண்டும் அதைப் பார்த்து எழுதும். சரக்கு அறையில் 6 என்று பதிந்தால், கணக்கு அறையிலும் அதே 6 தெரியும். மறுபடி எழுத வேண்டியதில்லை.

கவனம் தேவை

சரக்கு அறையிலேயே 5 என்று தவறாகப் பதிந்தால் என்ன ஆகும்? எல்லா அறையிலும் 5 என்றே தெரியும்! ஆகவே, நெசவாளர் ரசீது வாங்க வேண்டும். அதை அங்கேயே படித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு கணினியில் வைரஸ் புகுந்தால், அது ஒயர் வழியாக மற்றவற்றுக்கும் பரவலாம். சந்தேகம் வந்தால் முதலில் அந்த ஒயரைப் பிடுங்க வேண்டும். பிறகு விவரம் தெரிந்தவரைக் கூப்பிட வேண்டும்.

இப்போது கூட்டுறவுச் சங்கங்களில் கணினி பெருகி வருகிறது. 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு 2022-இல் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. கணக்கு கணினிக்குள் போகலாம். ஆனால் பணம் உறுப்பினர்களுடையது. எனவே சங்கக் கூட்டத்தில் அவர்கள் இந்தக் கேள்விகளைக் கேட்கலாம்:

தினமும் கணக்குக்கு நகல் எடுக்கிறார்களா?

ஒரு நகலாவது ஒயரில் சேராமல், வேறு இடத்தில் பத்திரமாக இருக்கிறதா?

மின்சாரம் நின்றால் கணினி உடனே அணையாமல் இருக்க பேட்டரி இருக்கிறதா?

ஒவ்வோர் ஊழியருக்கும் தனித்தனிக் கடவுச்சொல் உண்டா? அதைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்களா?

சங்கப் பணத்தை இணையம் வழியாக யாராவது ஏமாற்றி எடுத்தால், உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும் என்பது ஊழியர்களுக்குத் தெரியுமா?