இரவு டியூட்டியும் இயற்பியல் புத்தகமும்

காலை ஒன்பது மணிக்குப் பாடம் கேட்க வருகிற பெண், ஒன்பதே காலுக்கு மேஜைமேல் தலை சாய்த்துத் தூங்கிவிட்டால் வாத்தியார் என்ன செய்வது? 2024ஆம் ஆண்டு முழுவதும் எனக்கு இதே பிரச்சினைதான். ரயில்வேயில் டிப்ளமா இன்ஜினீயராகத் தண்டவாளத்தோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவன் நான். வாத்தியார் உத்தியோகம் புதிது. "எழுப்பாதீங்க, ராத்திரி பூரா நின்னுட்டு வந்திருக்கு" என்று என் மனைவி சமையலறையிலிருந்தே தீர்ப்புச் சொல்லிவிடுவாள்.

எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அம்மாளின் மகள் அவள். ஹஜ்ரத் நிஜாமுதீன் ஸ்டேஷன் பக்கம், பாராபுல்லா வாய்க்கால் ஓரத்தில் இருந்த மதராஸி கேம்ப்பில் பிறந்து வளர்ந்தவள். லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் உயிரியல் எடுத்துப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். நர்ஸாக வேண்டும் என்பது சிறு வயது ஆசை. அந்த ஆசையோடு ஒரு மாடிப்படியில் 'ஆறு மாத நர்ஸிங் கோர்ஸ்' என்று போர்டு பார்த்திருக்கிறாள். தாயார் சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டினார். படித்து முடித்துக் கைக்கு வந்த சான்றிதழில் 'ஜெனரல் டியூட்டி அசிஸ்டன்ட்' என்றிருந்தது. அதாவது நர்ஸ் அல்ல, நர்ஸுக்கு உதவியாள். ஏமாற்று என்று முழுவதும் சொல்ல முடியாது, வேலை கிடைத்தது. தென் தில்லியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, காண்டிராக்டர் மூலம், இரவு எட்டு முதல் காலை எட்டு வரை. ஆனால் போர்டில் போட்டது ஒன்று, கொடுத்தது ஒன்று.

நம் குடும்பங்களில் பலருக்கு இந்த வித்தியாசம் தெரியாததால் சொல்கிறேன். இந்திய நர்ஸிங் கவுன்சில் விதிப்படி நர்ஸிங்கில் ஆரம்பப் படிப்புகள் மூன்றுதான். ஏ.என்.எம். இரண்டு வருடம். ஜி.என்.எம். மூன்று வருடம், பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பிரிவு படித்திருந்தாலும் ஆங்கிலத்தோடு 40 சதவீதம் இருந்தால் விண்ணப்பிக்கலாம். பி.எஸ்ஸி. நர்ஸிங் நான்கு வருடம். அதற்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் கட்டாயம். ஆறு மாதத்தில் நர்ஸ் ஆக்குவதாக யார் சொன்னாலும் காசைக் கொடுக்காதீர்கள்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. ரயில்வேயில் கலாசியாகச் சேர்ந்தவர் இலாகாத் தேர்வு எழுதி மேலே வரலாம். பாதையில் சுத்தியல் பிடித்த வருடங்கள் வீண் போகாது. ஏ.என்.எம். முடித்துப் பதிவு செய்தவருக்கு ஜி.என்.எம்.முக்கு வழி உண்டு; ஜி.என்.எம். முடித்தவர் போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. படிக்கலாம். இந்த உதவியாள் பெண்ணோ ஏணிக்கு வெளியே நிற்கிறாள். வார்டில் பத்து வருடம் உழைத்தாலும் நர்ஸிங் சேர்க்கையில் அதற்கு ஒரு மார்க் கிடையாது. தேர்வில் கேட்பது உராய்வுக் குணகமும் மோலாரிட்டியும்.

அவள் வேலை என்ன என்று ஒருநாள் கேட்டேன். படுக்கையிலேயே இருப்பவர்களை இரண்டு மணிக்கு ஒரு தரம் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். உடம்பு துடைப்பது, பெட்பான் வைப்பது, சிறுநீர்ப் பையை அளந்து கொட்டி எழுதி வைப்பது, ரத்த சாம்பிளை லேபுக்குக் கொண்டு போவது, ஸ்ட்ரெச்சர் தள்ளுவது. குப்பையிலும் கணக்கு உண்டு: ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் தொட்டிக்கு, பிளாஸ்டிக் குழாய் சிவப்புக்கு, ஊசி வெள்ளை டப்பாவுக்கு, கண்ணாடி மருந்துப் புட்டி நீலத்துக்கு. யாராவது இறந்துபோனால் உடம்பைச் சுத்தம் செய்து துணி சுற்றுவதும் இவர்கள்தான். "முதல் தடவை அழுதேன் தாத்தா. இப்ப அவங்க சொந்தக்காரங்க வர்றதுக்குள்ள தலைய வாரி விட்டுடுவேன்" என்றாள். பத்தொன்பது வயது.

முதல் மாதம் நான் தவறு செய்தேன். புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன், அவள் தூங்கினாள். பிறகு ஒருநாள் அவளே கேட்டாள்: "பேஷன்டை ஸ்ட்ரெச்சர்ல மாத்தும்போது ஸலைன் பையைக் கட்டில் மேலயே வெச்சுட்டா, டியூப்ல ரத்தம் ஏறி வருதே, ஏன் தாத்தா?" எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. பை கைக்கு ஒரு மீட்டர் உயரத்தில் தொங்கினால் அந்த உயரம் தரும் அழுத்தம் சுமார் 73 மில்லிமீட்டர் பாதரசம். கையிலுள்ள ரத்தக்குழாயின் அழுத்தம் அதைவிடப் பல மடங்கு குறைவு; அதனால் ஸலைன் உள்ளே போகிறது. பையைக் கீழே வைத்தால் அந்த உயரம் போய்விடுகிறது, ரத்தம் திரும்பி வருகிறது. உயரம், அடர்த்தி, புவியீர்ப்பு மூன்றையும் பெருக்கு, அவ்வளவுதான். ரத்த அழுத்தக் கருவியில் 120 என்றால் கிட்டத்தட்ட 16 கிலோபாஸ்கல் என்று அவளே போட்டுக் காட்டினாள். அன்று தூங்கவில்லை.

அதன்பின் பாடத்தை வார்டிலிருந்தே எடுத்தோம். ஒரு லிட்டர் ஸலைன் எட்டு மணி நேரத்தில் போக வேண்டும், குழாய் ஒரு மில்லிக்கு 20 சொட்டு விடுகிறது, நிமிடத்துக்கு எத்தனை? நாற்பத்திரண்டு. (சொட்டைச் சரிசெய்வது ஸிஸ்டரின் வேலை, கணக்குப் போட யாரும் தடை சொல்லவில்லை!) கனத்த நோயாளியின் முழங்காலை மடக்கி, கையை மார்பின் குறுக்கே வைத்துவிட்டால் ஒருத்தியே திருப்பிவிடலாம் என்பது அவளுக்குக் கைப்பழக்கம். அது நெம்புகோல் என்பது நான் சொன்னது. சிறுநீரகப் பாடத்தையோ பக்கத்து வீட்டு விஷயம் போல ஒரே மூச்சில் படித்தாள்.

இன்னொரு தவறும் செய்தேன். வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் படிக்கச் சொன்னேன். தாயார் நின்றபடியே பதில் சொன்னார்: "தம்பி படிப்பு, கரண்ட் பில்லு எல்லாம் அது சம்பளத்துலதாங்க ஐயா ஓடுது." நான் வாயை மூடிக்கொண்டேன். வேலையை விட முடியாது என்றால் ரோஸ்டரைத்தான் மாற்ற வேண்டும். ரயில்வேயில் வேலை நேரத்துக்கும் ஓய்வுக்கும் எழுதி வைத்த விதிகள் உண்டல்லவா? அதே மாதிரி ஒரு தாளில் போட்டோம். வந்ததும் அரை மணி தூக்கம், அப்புறம் ஒரு மணி பாடம், அதற்கு மேல் கிடையாது. மூன்றாவது இரவு டியூட்டிக்கு மறுநாள் புத்தகமே தொடக்கூடாது. கடினமான பாடம் எல்லாம் வார விடுப்பு நாளில். பக்கம் குறைந்தது, மனதில் நின்றது கூடியது.

அவள் கண் வைத்திருந்தது லாஜ்பத் நகரிலுள்ள ராஜ்குமாரி அம்ரித் கௌர் நர்ஸிங் கல்லூரிமேல். இந்தியாவில் நர்ஸிங் பட்டப்படிப்பு 1946இல் தொடங்கியது. தில்லியில் இந்தக் கல்லூரி, நம் பக்கத்தில் வேலூர். கேம்ப்பிலிருந்து நடந்தே போய்விடலாம். தில்லிப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருவதால் நீட் மதிப்பெண்ணை வைத்துச் சேர்க்கிறார்கள். எய்ம்ஸ் தனியாகத் தேர்வு வைக்கிறது: இயற்பியல், வேதியியல், உயிரியல் தலா 30 கேள்வி, பொது அறிவு 10. இரண்டுக்கும் விண்ணப்பம் போட்டோம்.

2025 மே 4 நீட் தேர்வு. முதல் நாள் இரவு லீவு கிடைக்கவில்லை. இன்னொரு பெண் டியூட்டி மாற்றிக்கொண்டு காப்பாற்றினாள். தேர்வு முடிந்து ஐந்தே நாளில், மே 9 அன்று, கேம்ப்பை அகற்ற உயர்நீதிமன்ற உத்தரவு வந்தது. மழைக்காலத்தில் வாய்க்கால் அடைத்து வெள்ளம் வருகிறது என்பது காரணம். ஜூன் 1 அன்று புல்டோசர் வந்தது. சுமார் 370 வீடுகளில் மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றவை 189. இவர்கள் பெயர் பட்டியலில் இருந்தது. ஆனால் வீடு நரேலாவில், ஜங்புராவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். தாயாருக்கு இங்கே நாலு வீட்டு வேலை போயிற்று. அந்த மூட்டை முடிச்சுக்கு நடுவே எய்ம்ஸ் தேர்வு நழுவியது. ஜூன் 14 நீட் முடிவும் வந்தது. உயிரியலில் நன்றாகவே வாங்கியிருந்தாள்; வேதியியல் கவிழ்த்துவிட்டது.

சங்கங்களில் வருடா வருடம் அதிக மார்க் எடுத்த பிள்ளைகளுக்கு மேடையேற்றிப் பரிசு தருகிறோம், நானே கைதட்டியிருக்கிறேன். டியூட்டிக்கும் டியூட்டிக்கும் நடுவே படிக்கிறவர்களுக்கு ஒரு மேஜையும் விளக்கும் நரேலா பக்கம் ஏற்பாடு செய்ய முடியுமா என்று செயற்குழுவில் கேட்டிருக்கிறேன். பதில் வரட்டும்.

அவள் பழைய ஆஸ்பத்திரியை விட்டுவிட்டாள். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய நர்ஸிங் ஹோம். சம்பளம் குறைவு, எட்டு மணி நேர வேலை. அடுத்த முறை நீட், எய்ம்ஸ் இரண்டும் எழுதுவாள்; கூடவே ஜி.என்.எம். விண்ணப்பமும் போடச் சொல்லியிருக்கிறேன். பாடம் இப்போது டெலிபோனில். போன வாரம் நானே கணக்குக் கொடுத்தேன்: பெரிய ஆக்ஸிஜன் சிலிண்டரில் 7000 லிட்டர், நிமிடத்துக்கு 5 லிட்டர் போனால் எவ்வளவு நேரம் வரும்?

"1400 நிமிஷம். இருபத்து மூணு மணி இருபது நிமிஷம்" என்றாள் உடனே. "ஆனா தாத்தா, அதுவரைக்கும் யாரும் விடமாட்டோம். முள்ளு சிவப்புக்கு வர்றதுக்கு முன்னாடியே மாத்திடுவோம்."