3060-ஆ, 4060-ஆ? நம்பரை மட்டும் பார்த்து வாங்காதீங்க!

ஆமத்தூரிலிருந்து பஸ் ஏறி, சிவகாசி ஆஃப்செட் அச்சகத்துக்கு டிசைன் வேலைக்குப் போறவரா நீங்க? பகலில் காலண்டர், பட்டாசு லேபிள், ராத்திரி கேம். ரெண்டுக்கும் சேர்த்து வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கப் பணம் சேர்க்கிறீங்கன்னா, இந்தக் கேள்வி வந்தே தீரும்: என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060-ஆ, 4060-ஆ?

3060 வந்தது 2021-ல். மெமரி 12 ஜிபி. டேட்டா போய்வரும் பாதை 192 பிட். 2023-ல் வந்த 4060-ல் மெமரி 8 ஜிபி, பாதை 128 பிட்தான். புதுசுல குறைச்சலா? ஆமாம். ஆனாலும் பெரும்பாலான கேம்களில் 4060-தான் முந்தும். சிப்பின் வேகமும், உள்ளேயே இருக்கும் கேஷ் மெமரியும் அதில் அதிகம். இடையிடையே ஃபிரேம்களைத் தானே உருவாக்கிச் சேர்க்கும் டிஎல்எஸ்எஸ் 3 வசதியும் உண்டு.

கரன்ட்? 3060-க்கு 170 வாட்ஸ், 4060-க்கு 115. முழு வேகத்தில் தினமும் 5 மணி நேரம் ஓடினால், மாசம் சுமார் 8 யூனிட் மிச்சம்.

அப்போ 3060 வேஸ்ட்டா? இல்லை. பிளெண்டரில் பெரிய 3டி காட்சி, வீட்டு கம்ப்யூட்டரிலேயே ஏஐ படம்னு இறங்கினால் 8 ஜிபி சீக்கிரம் நிறைஞ்சிடும். அங்கே 12 ஜிபி-தான் கைகொடுக்கும். 3060-லேயே 8 ஜிபி மாடலும் இருக்கு. பெட்டியைப் படிச்சுட்டு வாங்குங்க.

லேபிள் டிசைன் மட்டும்தான்னா, கோரல்டிராவுக்கும் ஃபோட்டோஷாப்புக்கும் ரெண்டு கார்டுமே தேவைக்கு அதிகம். அந்தக் காசை ரேம்லயும் நல்ல மானிட்டர்லயும் போடுங்க. திரையில் சிவப்பு தப்பாத் தெரிஞ்சா, எந்த கார்டும் லேபிளைக் காப்பாத்தாது!