தீவனம் சேர்த்ததால் நிலைத்த பண்ணை

அமெரிக்க நாட்டின் ராக்கி மலைப் பகுதியில் உள்ளது மொன்டானா மாநிலம். அங்கு டீர் லாட்ஜ் என்ற ஊரை ஒட்டியுள்ள கிராண்ட்-கோர்ஸ் மாட்டுப் பண்ணையை அந்நாட்டு அரசு 1972ஆம் ஆண்டு தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்தது. பழைய வீடு, தொழுவங்கள், வண்டிகள், கொல்லர் பட்டறை ஆகியவை அங்கு பாதுகாக்கப்படுகின்றன. இது வெறும் காட்சிசாலை அல்ல. இன்றும் அங்கே மாடுகள் மேய்கின்றன. புல் அறுவடை நடக்கிறது.

இப்பண்ணை வளரக் காரணம் தங்கம். 1862இல் அம்மாநிலத்தின் பானக் பகுதியில் தங்கம் கிடைத்ததும் மக்கள் திரண்டனர். ஐரோப்பாவிலிருந்து வந்த கான்ராட் கோர்ஸ் அங்கு இறைச்சிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். தங்கம் தேடுவதைவிடத் தேடுவோருக்கு இறைச்சி விற்பதே நிலையான தொழில் என்று கண்ட அவர், 1866இல் ஜானி கிராண்ட் என்பவரிடமிருந்து இப்பண்ணையை வாங்கினார். நாளடைவில் அவருடைய மந்தைகள் சுமார் ஒரு கோடி ஏக்கர் திறந்தவெளியில் மேய்ந்தன.

அக்காலத்தில் திறந்தவெளியில் மேய்ந்த மாடுகளுக்குத் தீவனம் சேமித்து வைக்கும் வழக்கம் மிகக் குறைவு. மேய்ச்சல் நிலம் தாங்கக்கூடியதற்கு மேல் மாடுகள் பெருகியிருந்தன. 1886ஆம் ஆண்டு கோடையில் மழை பொய்த்தது. அடுத்து வந்த குளிர்காலத்தில் பனி இறுகி, எஞ்சியிருந்த புல்லையும் மூடிவிட்டது. லட்சக்கணக்கான மாடுகள் பட்டினியாலும் குளிராலும் மடிந்தன. பலர் தொழிலையே கைவிட்டனர். கோர்ஸ் ஒரு லட்சம் டாலர் கடன் பெற்று மீண்டும் தொடங்கினார்.

அதன்பின் மலைப் பள்ளத்தாக்குகளில் முறை மாறியது. ஓடை நீரைப் பாய்ச்சிப் புல் வளர்த்து, கோடையில் அறுத்து, காயவைத்து, போர் போட்டனர். குளிர்காலத்தில் அதுவே தீவனம்.

அந்தப் புல் நிலத்துக்கும் கேடு வந்தது. ஆற்றின் மேற்பகுதியில் இருந்த பியூட், அனகொண்டா நகரங்களின் செம்புச் சுரங்க, உருக்காலைக் கழிவுகளை 1908ஆம் ஆண்டு வெள்ளம் கரையெங்கும் படியச் செய்தது. செம்பும் ஆர்சனிக்கும் கலந்த அம்மண்ணில் சில இடங்களில் புல்லே முளைக்கவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின் நச்சு மண்ணைத் தோண்டி அகற்றி, வேறு மண் இட வேண்டியதாயிற்று.

சுரங்கம் சந்தையைக் கொடுத்தது. அதன் கழிவு நிலத்தைக் கெடுத்தது. நிலம் தாங்கும் அளவுக்கு மாடு, பஞ்சம் வருமுன் தீவனப் போர், ஆற்று நீரின் தூய்மையில் கண்காணிப்பு: இம்மூன்றும் கால்நடை வளர்ப்போர் எவருக்கும் பொருந்தும்.