ஹோண்டா எஸ்2000: முதல்ல வந்ததா, பின்னாடி வந்ததா?

1999-ல் வந்த எஸ்2000-க்கு 2.0 லிட்டர் இன்ஜின்; ஸ்ட்ரோக் 84 மி.மீ., 9000 ஆர்.பி.எம். வரை சுத்தும். அமெரிக்காவின் 2004 மாடலுக்கு 2.2 லிட்டர், ஸ்ட்ரோக் 90.7, ரெட்லைன் 8000.

ஏன் குறைச்சாங்க? ஸ்ட்ரோக்கை இரண்டால் பெருக்கி, வினாடிச் சுற்றுகளாலும் பெருக்கினா பிஸ்டனின் சராசரி வேகம். பழசுல வினாடிக்கு 25.2 மீட்டர். புதுசும் 9000 தொட்டா 27.2! 8000-ல் 24.2தான்.

பதிலுக்கு டார்க் கூடிச்சு. பின் சஸ்பென்ஷன் மாத்தினதால வளைவுல வால் வீசுறதும் குறைஞ்சது.

அந்த 9000-க்காகவே வாங்கறவங்களுக்குப் பழசு. தினமும் ஓட்ட புதுசு. எதுவானாலும் முதல்ல கம்ப்ரஷன் டெஸ்ட் பண்ணுங்க. தப்பான கியருக்கு இறக்கினா, சக்கரமே இன்ஜினை ரெட்லைனுக்கு மேல சுத்திவிடும். எரிபொருளை மட்டும் நிறுத்துற ரெவ் லிமிட்டரால அதைத் தடுக்க முடியாது. அப்படி அடிபட்ட இன்ஜின்னா, எந்த வருஷ மாடலா இருந்தா என்ன?